அதிகப் பைகளோடு நிற்பவர்

அக்காவுக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். வேலை உதவி மையத்துக்கு ஏற மாடிப்படிகள் பதினேழு. அவற்றில் அவள் கால் பட்டவை ஒன்பதோ பத்தோதான். ஐம்பத்திரண்டு வயதில், வலது முழங்காலில் ஒரு பட்டியைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் கைப்பேசியுமாக அவள் மேலே வந்து நின்றால், கூடத்தில் காத்திருப்பவர்களுக்கு யாரோ ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது போலத் தோன்றும். பெரும்பாலும் அப்படி ஒன்றும் இருக்காது. தண்ணீர் இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஆள் வருகிறார் என்பதைக்கூட அவள் அதே மூச்சிரைப்போடுதான் சொல்வாள்.

மையம் என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். மின்விசிறியும் விளக்கும் விற்கும் கடைக்கு மேலே ஒரு கூடம், இரண்டு அறைகள், அவ்வளவுதான். கூடத்தில் பன்னிரண்டு இரும்பு நாற்காலிகள். அதில் ஒன்று ஆடும். புதிதாக வருகிறவர் சரியாக அதில்தான் போய் உட்காருவார். வேலை போனவர்கள், வேலையே கிடைக்காதவர்கள், நோயில் விழுந்து எழுந்தவர்கள், பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்பியவர்கள் என எல்லோரும் அங்கே வருவார்கள். அவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, நேர்காணலுக்குப் பழக்கி, ஓர் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பது அக்காவின் வேலை. இருபத்தொரு வருடமாக அதைத்தான் செய்தாள்.

உட்கார வைத்ததோடு விட்டுவிட்டால் அவள் அக்கா இல்லை. வேலையில் சேர்ந்தவருக்கு நாலாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தவறாமல் ஒரு போன் வரும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"சாப்பிடும்போது பக்கத்துல யார் உக்காந்தா?"

யாரோ ஒருவர் பெயரைச் சொன்னால் அக்கா நிம்மதியாக வைத்துவிடுவாள். "யாருமில்ல" என்று பதில் வந்தால் அன்றைக்கு அவளுடைய சாப்பாடு ஆறிப்போகும்.

"அது என்ன கணக்குக்கா, நாலாம் நாள்?" என்று கேட்டால் விரல் விட்டுச் சொல்வாள். "முதல் நாள் பயம். ரெண்டாம் நாள் களைப்பு. மூணாம் நாள் கோபம். நாலாம் நாள் காலையில செருப்பை மாட்டும்போதுதான் 'இன்னிக்குப் போய்த்தான் ஆகணுமா'ன்னு ஒரு நெனப்பு வரும். அந்த நெனப்பு வர்றப்போ பேச ஒரு ஆள் வேணும்."

அதனால் மையத்தில் அவளுக்குப் பெயரே 'நாலாம் நாள் அக்கா' என்று ஆகிவிட்டது.

இந்த நிலையில்தான் புது சிஸ்டம் வந்தது.

மேலாளர் நல்ல மனிதர். ஆனால் எதையும் நிமிடமாக மாற்றிப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. "மாசத்துக்கு நாப்பத்தஞ்சு போன். ஒரு போன் பதினோரு நிமிஷம். யோசிச்சுப் பாருங்க. இனிமே நாலாம் நாள் சிஸ்டமே மெசேஜ் அனுப்பும். நல்லா இருந்தா ஒண்ணு, பரவாயில்லைன்னா ரெண்டு, கஷ்டம்னா மூணு. மூணு அழுத்தினவங்களுக்கு மட்டும் நீங்க பேசினா போதும். மூணு மாசம் இப்படி நடத்திப் பார்ப்போம்" என்றார்.

அக்கா வாயளவில் சரி என்றாள்.

சிஸ்டத்தை நிறுவ ஒரு பெண் வந்தாள். தோளில் பை, காதில் ஒயர், வாசலில் நின்றபடி அவள் கேட்ட முதல் கேள்வி, "இங்க ப்ளக் எங்க இருக்கு?" அன்று மாலைக்குள் அவளுக்கும் பெயர் விழுந்துவிட்டது: சார்ஜர். அவளுடைய மடிக்கணினியின் பேட்டரி அதிகம் போனால் முக்கால் மணி நேரம் தாங்கும். அது தீரும் முன் ஒரு துளை தேடி அறை அறையாக அலைவாள்.

அக்கா இயந்திரத்தோடு மல்லுக்கு நிற்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளோ முதல் நாளே நாற்காலியை இழுத்துக்கொண்டு சார்ஜரின் தோளை இடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

"என் மண்டைக்குள்ள முந்நூறு கம்பெனி இருக்குடி. இதுக்குள்ள எத்தனை?"

"நாலாயிரத்துச் சொச்சம் அக்கா. தினமும் ஏறும்."

"அடியம்மா!" அக்கா கை தட்டிய தட்டில் கூடத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "காலையில பல்லு தேய்ச்சு முடிக்கறதுக்குள்ள நாலாயிரம் கதவையும் தட்டிட்டு வந்துடுமா?"

"பல்லு தேய்க்கவே வேண்டாம் அக்கா."

"அது உன்னைப் பார்த்தாலே தெரியுது."

அதிலிருந்து இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

இனி அறிவிப்பாளரின் கதை. அது சிஸ்டம் வருவதற்கு வெகு முன்பே தொடங்கியது. ஊரில் அவரை அறியாதவர் இல்லை. ஆனால் முகம் ஒருவருக்கும் தெரியாது. பதினெட்டு வருடம் ரயில் நிலையத்தில் வண்டி வருவதையும் போவதையும் சொன்னவர். பிறகு எல்லாம் பதிவுசெய்த குரலாகிவிட்டது. 'இனி தேவையில்லை' என்று ஒரு கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மையத்துக்கு முதல்முறை வந்த அன்று, கூடத்தின் நடுவே நின்று, "அடுத்தது யாருங்க?" என்றுதான் கேட்டார். நான்கு பேர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஓர் அம்மா, "எந்தப் பிளாட்பாரம்?" என்றே கேட்டுவிட்டாள்.

அக்காவுக்கு அந்தக் குரல் பித்தாகப் பிடித்துவிட்டது. "இந்தக் குரலுக்கா வேலை இல்ல? ஒரே வாரம் பாருங்கண்ணே!" என்றாள்.

வாரம் பதினான்கு மாதமானது. பள்ளி விழாக்கள், வங்கித் தொலைபேசி, விளம்பர வண்டி என்று குரல் தேவைப்படும் ஒரு வாசல் விடாமல் அவரை அழைத்துப் போனாள். சில இடங்களில் கணினிக் குரலே போதும் என்றார்கள். ஒரு பெரிய பலசரக்குக் கடையில் இரண்டு நாள் நிற்க வைத்தார்கள். மூன்றாம் நாள் அந்தக் கடைக்காரர் அக்காவுக்குப் போன் செய்தார். "மேடம், குரல் தங்கம். ஆனா இவர் 'சோப்பு தள்ளுபடி'ன்னு சொன்னா சனங்க தள்ளுவண்டிய விட்டுட்டு வாசலைப் பார்த்து நடக்கறாங்க. நான் கடை நடத்தறதா, ஸ்டேஷன் நடத்தறதா?"

அக்கா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் போனை வைத்தாள்.

அறிவிப்பாளர் மாதம் ஒருமுறை வருவார், கையெழுத்துப் போடுவார், போவார். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அவர் மனைவி அக்காவிடம் சொன்னாள்: "வீட்டுலயும் ஒத்த வார்த்தைதான் அக்கா. 'ம்', 'சரி', 'வேண்டாம்'. குரலையே கழட்டி ஆணியில மாட்டிட்டாரு."

பழைய கோப்புகளை எல்லாம் புது சிஸ்டத்தில் ஏற்றும்போது அறிவிப்பாளரின் முறை வந்தது. 'வேலையில் தினமும் என்னென்ன செய்தீர்கள்?' என்று ஒரு பெட்டி இருந்தது. அக்காவின் கோப்பில் அந்த இடம் காலி. சிஸ்டம் அதை ஏற்கவில்லை, சிவப்பாக எரிந்தது.

"அறிவிப்பாளர்னு மேலயே போட்டிருக்கேனே. அறிவிச்சாரு. வேற என்ன வேணுமாம் இதுக்கு?"

"அதுக்கு அது பத்தாதாம் அக்கா."

"சரியான பிடிவாதம் பிடிச்ச சாமான்."

சார்ஜர் அந்தக் கேள்வியை அவருடைய கைப்பேசிக்கே அனுப்பிவிட்டாள். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. நாற்பத்து மூன்று வரி! 'ம்', 'சரி', 'வேண்டாம்' மனிதர் எழுதிய நாற்பத்து மூன்று வரி!

அக்கா நின்றுகொண்டே படிக்கத் தொடங்கினாள். ஒரே நேரத்தில் மூன்று தொலைபேசியில் கேட்டு, எது முந்தி எது பிந்தி என்று பிரித்தது. வண்டி தாமதமானால் எத்தனை நிமிடம் என்று உறுதியாகத் தெரியும் வரை வாயைத் திறக்காதது. தொலைந்த குழந்தையை மைக் அறையில் உட்கார வைத்து, பெயர் சொல்லத் தெரியாத அந்தக் குழந்தையிடம் சட்டையின் நிறத்தைக் கேட்டுத் தாயைக் கண்டுபிடித்தது. நடைமேடையில் ஒருவர் மயங்கி விழுந்தால், கூட்டம் கூடாதபடி மற்றவர்களை வேறு பக்கம் போகச் சொல்லிவிட்டு மருத்துவரை அழைத்தது. பத்தாவது வரியில் அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

"பதினாலு மாசமா இந்த மனுஷனை நான் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மாதிரி தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்டி" என்றாள் மெதுவாக. "ஒருநாள்கூட இதைக் கேக்கணும்னு எனக்குத் தோணலையே."

சார்ஜர் ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது.

"அக்கா."

"என்ன?"

"ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. அவசர அழைப்பு எடுக்கற வேலை. எம்பத்தொரு சதவீதம் பொருந்துதாம்."

அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "ஆம்புலன்ஸா! அடடா, ஆம்புலன்ஸ்! இந்த எழவெடுத்த பொட்டிக்குக் காதே கிடையாது, அதான் அந்தக் குரல்ல மயங்கல!" என்று கத்திக்கொண்டே கூடத்துக்கு ஓடினாள். அங்கே சொல்ல ஆள் யாரும் இல்லாததால் திரும்பி ஓடிவந்து மறுபடி சார்ஜரிடமே சொன்னாள். பெரிய சோகத்திலிருந்து பெரிய சந்தோஷத்துக்கு அவள் போகும் தூரம் எப்போதும் அவ்வளவுதான்.

விண்ணப்பம் போனது. முதல் சுற்றுக்கு அழைப்பும் வந்தது. அது கணினியில் நடக்கும் நேர்காணல். திரையில் கேள்வி தோன்றும். கேமராவைப் பார்த்துத் தொண்ணூறு வினாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்படி ஐந்து கேள்வி. பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி செய்யலாம், ஆனால் மொத்தம் மூன்று வாய்ப்புதான். கடைசி நாள் வியாழன், மாலை ஐந்து மணி.

வியாழன் மதியம் இரண்டே முக்காலுக்கு அவருடைய மனைவி போன் செய்தாள். "அக்கா, ரெண்டு தடவையும் போச்சு. முதல் தடவை அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கிட்டு வாயே திறக்கல. ரெண்டாவது தடவை கேள்வியவே திருப்பிப் படிச்சாரு. இப்ப மொட்டை மாடியில போய் உக்காந்துக்கிட்டு எனக்கு வேண்டாம்ங்கறாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

"போனை அவர்கிட்டக் குடும்மா."

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே, ஒரு தடவை இருக்கில்ல?"

"இருக்கு."

"ஆட்டோ பிடிச்சு இங்க வாங்க. வேண்டாம்னு சொல்றதா இருந்தாலும் என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கணவனும் மனைவியும் படியேறி வந்தார்கள். அவர் சட்டையை மாற்றியிருந்தார். ஆனால் பொத்தான் ஒன்று இடம் மாறிப் போட்டிருந்தது. அக்கா அதைச் சரியாகப் போடச் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "என்னண்ணே தடுக்குது?"

"எதிர்ல யாருமே இல்லம்மா."

"ஸ்டேஷன்ல மட்டும் எதிர்ல யார் இருந்தா? மைக்குதான இருந்துச்சு?"

"மைக்குக்குப் பின்னாடி ஜன்னல் இருந்துச்சு." அவர் முதல்முறையாக நிமிர்ந்தார். "ஜன்னல்ல பிளாட்பாரம் முழுக்கத் தெரியும். அதுல ஒரு ஆளப் பார்த்துக்குவேன். யார் கையில பை அதிகமா இருக்கோ அவங்கள. அவங்களாலதான் ஓட முடியாது. அவங்களுக்குப் புரியற மாதிரி, அவங்க நடக்கற வேகத்துக்குச் சொன்னாப் போதும். மத்தவங்க எல்லாம் தானா வண்டி ஏறிடுவாங்க."

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளறையைப் பார்த்தாள். உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவே பாதி பலகை, பாதி கண்ணாடி.

"சார்ஜர்! மேசையத் திருப்பு!"

"எதுக்கு அக்கா?"

"திருப்புடி, அப்புறம் சொல்றேன்!"

மேசை சுவரைப் பார்த்திருந்தது. இருவரும் அறிவிப்பாளருமாக இழுத்து அதைக் கண்ணாடிக்கு எதிரே கொண்டுவந்தார்கள். மேசையின் ஒரு கால் தரையில் கீறிய கோடு அப்படியே பதிந்துவிட்டது. மடிக்கணினியை இரண்டு தடித்த பதிவேடுகளின் மேல் ஏற்றி, கேமராவைப் பார்த்தால் நேராகக் கூடம் தெரியும்படி வைத்தாள் அக்கா.

"அக்கா, ஒரு நிமிஷம். விதிமுறைல 'அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது, யாரும் பதில் சொல்லித் தரக் கூடாது'ன்னு இருக்கு."

"கூடம் அறைக்குள்ளயா இருக்கு?"

சார்ஜர் மேலிருந்து கீழ் வரை மறுபடி படித்தாள். "இல்ல. வெளியில இருக்கறவங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"அப்ப சரி. யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தரப் போறதில்ல. சும்மா நிக்கப் போறோம்."

மணி நாலு பத்து. அப்போதுதான் சார்ஜர் திரையின் மூலையைப் பார்த்து, "ஐயோ" என்றாள்.

"எவ்ளோ?"

"ஒம்பது சதவீதம்."

மையத்தில் கேமரா உள்ள கணினி அது ஒன்றுதான். உள்ளறை ப்ளக் எரிந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. நீட்டு ஒயர் மேலாளர் அறையில், அலமாரிக்கு மேலே, அட்டைப் பெட்டிக்கு அடியில் இருந்தது. அக்கா நாற்காலி போட்டு ஏறினாள். அவசரத்தில் அந்த ஆடும் நாற்காலியையே எடுத்துப் போட்டிருந்தாள். மேலாளர் பாய்ந்து வந்து அவளைப் பிடித்துக்கொண்டார். "விழுந்து தொலைக்காதீங்கம்மா, நிமிஷம் ஆகட்டும், நானே எடுக்கறேன்!" நிமிடம் ஆகட்டும் என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல்முறை.

தண்ணீர் இயந்திரத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒயரைச் சொருகினார்கள். கதவுக்கு அடியில் விட்டு உள்ளே இழுத்தார்கள். யார் காலாவது தடுக்கிப் பிடுங்கிவிடக் கூடாதே என்று, சமையல் வேலை தேடி வந்திருந்த பருத்த மனிதர் ஒருவர் ஒயரின் மேல் ஒரு நாற்காலியைப் போட்டு அசையாமல் உட்கார்ந்துகொண்டார். "நான் எழுந்தாத்தான் கரண்டு போகும். நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றார்.

மணி நாலு இருபத்தைந்து. அறிவிப்பாளர் கண்ணாடிக்கு எதிரே தனியாக உட்கார்ந்தார். கதவு சாத்தியாயிற்று.

கண்ணாடி வழியே பார்த்தார். அவர் முகம் மாறவில்லை. அக்கா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள், எல்லோர் கையிலும் மெல்லிய கோப்பும் ஒரு சின்னப் பையும்தான். அவர்களில் ஓட முடியாதவர் ஒருவரும் இல்லை.

"எல்லாரும் பையக் கொண்டாங்க! கைப்பை, தோள்பை, கடைப்பை, எதுவானாலும் சரி. பத்திரமாத் திருப்பித் தரேன்!"

கொடுத்தார்கள். அறிவிப்பாளரின் மனைவி தன் பையைக் கொடுத்தாள். சார்ஜர் தன்னுடைய பெரிய முதுகுப் பையை அக்காவின் தோளில் மாட்டிவிட்டாள். மேலாளர் ஒருகணம் தயங்கி, தன் சாப்பாட்டுப் பையை எடுத்துவந்து அவள் சுண்டுவிரலில் தொங்கவிட்டார். இரண்டு தோளிலும் இரண்டு கையிலும் பைகளோடு, முழங்கால் பட்டி நழுவிக் கணுக்காலுக்கு வந்துவிட, அக்கா கூடத்தின் நடுவே, கண்ணாடிக்கு எதிரே, வண்டிக்குக் காத்திருப்பவளைப் போல வந்து நின்றாள்.

வாழ்நாளில் முதல்முறையாக அவளால் ஓட முடியாமல் இருந்தது.

அறிவிப்பாளர் அவளைப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார். ஒருமுறை தொண்டையைச் செருமினார். பொத்தானை அழுத்தினார்.

பலகைத் தடுப்பு கூரை வரை போகாது. அதனால் மேலே இருந்த இடைவெளி வழியாக அந்தக் குரல் கூடத்துக்கு வந்தது. பதினான்கு மாதமாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த குரல். முதல் கேள்வி, இரண்டாம் கேள்வி, மூன்றாம் கேள்வி. அக்காவின் தோள் விட்டுப்போயிற்று. அசையவில்லை.

நான்காவது, அழைத்தவர் அழுகிறார், முகவரி சொல்லத் தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி போலிருக்கிறது. அவர் சொன்னார்:

"முதல்ல நான் மெதுவாப் பேசுவேன். நான் அவசரப்பட்டா அவங்க ஓடுவாங்க. ஓடினா விழுவாங்க. முகவரிய உடனே கேக்க மாட்டேன். தெரிஞ்சா அவங்களே சொல்லியிருப்பாங்க. 'அம்மா, நான் இங்கதான் இருக்கேன், போனை வெக்க மாட்டேன். உங்க ஜன்னலுக்கு வெளியில என்ன தெரியுது, அதை மட்டும் சொல்லுங்க'ன்னு கேப்பேன்."

அந்தக் குரலில் அப்படிக் கேட்டால் யாரால் சும்மா இருக்க முடியும்? தையல் வேலைக்குப் பதிய வந்திருந்த பெண் ஒருத்தி ஜன்னலைத் திரும்பிப் பார்த்து, "தண்ணித் தொட்டி" என்று முணுமுணுத்தாள். அக்கா பைகளோடு அப்படியே திரும்பி, கண்ணை உருட்டி அவளை அடக்கினாள். ஒயர் மேல் இருந்தவர் சிரிப்பை அடக்கியதில் நாற்காலி கிறீச்சிட்டது. மேலாளர் இரு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாலு நாற்பத்தொன்பதுக்கு, 'அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த அறிவிப்பாளர் நேராக அக்காவிடம் போய், ஒவ்வொரு பையாகக் கழற்றி வாங்கிக் கீழே வைத்தார்.

"கை வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

"வண்டி ஏறியாச்சு, இனி என்ன வலி!" என்றாள் அக்கா.

பிறகு நேரில் ஒரு நேர்காணல், மூன்று வாரப் பயிற்சி, எல்லாம் முடிந்து அவர் வேலையில் சேர்ந்தார். நாலாம் நாளும் வந்தது. காலையில் சிஸ்டம் மெசேஜ் அனுப்பியது. பத்து நிமிடத்தில் பதில்: ஒன்று. நன்றாக இருக்கிறது.

"பார்த்தீங்களா? பதினோரு நிமிஷம் மிச்சம்" என்றார் மேலாளர்.

அக்கா தலையை ஆட்டினாள். மதியம் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு மாடிப்படியின் நடுவில் போய் உட்கார்ந்து, தன்னுடைய சொந்தச் சாப்பாட்டு நேரத்தில், தன்னுடைய சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, சாப்பிடும்போது பக்கத்துல யார் உக்காந்தா?"

யாரோ படியிறங்கும் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"படியில உக்காந்திருக்கேன்."

"நானும் படியிலதான் இருக்கேன். சொல்லுங்க."

"நாளைலேர்ந்து வரலைன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்மா."

அக்காவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "மெசேஜ்ல ஒண்ணு அழுத்தினீங்களே?"

"அதுக்கிட்டப் போய் என்னத்தச் சொல்றது? மூணு அழுத்தினா மட்டும் அதுக்கு என்ன புரியும்?" அவர் தொடர்ந்து சொன்னார்: "ஸ்டேஷன்ல நான் சொல்லி முடிச்சா, ஜன்னல் வழியாப் பார்ப்பேன். அந்தப் பைக்காரங்க வண்டி ஏறிட்டாங்கன்னு தெரியும். இங்க வண்டி வீட்டு வாசலுக்குப் போன உடனே லைன் கட் ஆயிடுது. நேத்து சாயங்காலம் ஒரு அம்மா. மூச்சு விட முடியல. பன்னெண்டு நிமிஷம் பேசினேன். அப்புறம் கட். ஏறினாங்களா, என்ன ஆனாங்க, ஒண்ணும் தெரியல. ராத்திரி முழுக்க அதே நெனப்பு. இப்படியே எத்தனை நாள்?"

அக்கா இருபத்தொரு வருடத்தில் பக்கத்தில் ஆள் உட்காராததைச் சரி செய்திருக்கிறாள். கடுகடுக்கும் மேற்பார்வையாளரைச் சரி செய்திருக்கிறாள். இது புதிது. "கட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு இரண்டு படியாகத் தாண்டி மேலே ஓடினாள்.

சார்ஜர் வாய் நிறையச் சோறோடு கேட்டுக்கொண்டாள். விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "அக்கா, கடைசியில என்ன ஆச்சுன்னு எழுதாம ஒரு அழைப்பை மூடவே முடியாது. இந்த மாதிரி சிஸ்டம் எல்லாமே அப்படித்தான். பதில் அங்கயே இருக்கும். யாரும் அவருக்குக் காட்டியிருக்க மாட்டாங்க."

"அவர் பார்க்க முடியுமா?"

"அவர் எடுத்த அழைப்புதான? ஷிஃப்ட் பொறுப்பாளர் அனுமதிச்சா முடியும்."

அக்கா போனில் அப்படியே சொன்னாள்.

"புதுசா வந்தவன் நாலாம் நாளே போய் அதைக் காட்டு, இதைக் காட்டுன்னு கேட்டா என்ன நெனப்பாங்க?"

"பதினெட்டு வருஷம் ஊரையே வண்டி ஏத்தி விட்டவரு நீங்க. ஒரு ஆள்கிட்ட ஒரு கேள்வி கேக்கக் கூச்சமா? கேட்டுட்டு, அப்புறம் வேலைய விடுங்க. நான் தடுக்க மாட்டேன்."

"ம்" என்றார். வைத்துவிட்டார்.

அந்த 'ம்' எந்த 'ம்' என்று தெரியாமல் அக்கா தவித்த தவிப்பு கொஞ்சமில்லை. மூன்று விண்ணப்பத்தில் தேதியைத் தப்பாகப் போட்டாள். கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தாள். மேலாளர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு பத்துக்குப் போன் அடித்தது. ஓடி வந்த வேகத்தில் அவள் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. கூடம் முழுக்கக் குரல் நிறைந்தது:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! நேற்று மாலை ஐந்து இருபதுக்கு அழைத்த அம்மா, ஐந்து ஐம்பத்திரண்டுக்கு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூச்சு சீராக உள்ளது!"

கூடத்தில் ஐந்து பேர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

அக்கா சிரித்த சிரிப்பில் கீழே மின்விசிறிக் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார். போனில் அறிவிப்பாளர் தன் சாதாரணக் குரலுக்கு இறங்கி, "பொறுப்பாளரே பக்கத்துல உக்காந்து காட்டினாரும்மா. தினமும் ஷிஃப்ட் முடியறப்போ பார்த்துக்கலாம்னு சொன்னாரு. நாளைக்கு வரேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

மேலாளர் தன் அறையிலிருந்து வந்து சார்ஜரின் மேசை அருகே நின்றார். "அந்த மெசேஜ்ல 'நல்லா இருக்கா'ன்னு கேக்கறத எடுத்துடும்மா. அக்கா கேக்கற கேள்வியப் போடு. யார் பதில் போட்டாலும், போடாட்டியும், நாலாம் நாள் மதியம் அவங்க பேரு அக்கா திரையில வரணும். மறந்துடக் கூடாது பாரு."

"பதினோரு நிமிஷம் சார்" என்றாள் அக்கா.

"பன்னெண்டாவே இருக்கட்டும்."

அக்கா மறைந்து இது இரண்டாவது மழைக்காலம். அறிவிப்பாளர் இன்னும் கட்டுப்பாட்டு அறையில்தான் இருக்கிறார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர்தான் இப்போது பயிற்சி கொடுக்கிறார். சார்ஜர் எப்போதாவது சிஸ்டத்தைப் பார்க்க வருவாள். எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டாள்; நாலாம் நாள் பட்டியலின் தலைப்பில் இருக்கும் 'அக்கா' என்ற சொல்லை மட்டும் தொடவில்லை. மதியமானால் அந்தப் பட்டியல் திரையில் வருகிறது. அப்போது யார் அவளுடைய நாற்காலியில் இருந்தாலும் போனை எடுத்து, சாப்பிடும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்கிறார்கள்.

உள்ளறை மேசை கண்ணாடியைப் பார்த்தபடியே இருக்கிறது. தரையில் அந்தக் கீறலும் இருக்கிறது. யாராவது கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து வாய் திறக்க முடியாமல் தவித்தால், கூடத்தில் காத்திருப்பவர்களில் ஒருவர், யாரும் சொல்லாமலே எழுந்து, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களின் பைகளை ஒவ்வொன்றாக வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு எதிரே போய் நிற்கிறார்.